அறுநூற்று நாற்பது கண்ணாடிக்கும் பொட்டு

நலமா, பெருமக்களே? வீட்டில் எல்லாரும் சுகமா? பொங்கல் கைக்கு வந்ததா? பின்வரிசைக்குச் சுண்டல் வந்து சேர்ந்ததா? வரவில்லையா? வரும். காலை வெயிலைப் போல அதுவும் மெல்லத்தான் ஏறி வரும்.

இந்த மேடையைத் தன் இருப்பினாலேயே நிமிர்த்தி வைத்திருக்கிற தலைவர், எங்கள் ஊராட்சியின் அம்மா அவர்களே! என் மேல் பிரியமும் என் வாயின் மேல் பயமும் வைத்திருக்கிற எங்கள் இஞ்சினியர், நாகர்கோவில் தந்த ஃபெபி அம்மா அவர்களே! நம்மிடம் நீராவி வாங்குகிற ரப்பர் ஆலையின் கண்ணும் காதுமாக வந்து அமர்ந்திருக்கிற புருஷோத்தமன் ஐயா அவர்களே! வயதால் மூத்த பெரியோர்களே! வயதைச் சொல்லாத தாய்மார்களே! நைட் ஷிப்ட் முடித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற தம்பிகளே! டிராக்டரில் வேலிகாத்தான் முள்மரக் கட்டை ஏற்றி வருகிற அண்ணன்மார்களே! கண்ணாடி கழுவுகிற பதினாறு பேரின் முப்பத்திரண்டு கைகளே! உங்கள் அத்தனை பேருக்கும், பாய்லருக்குக் கட்டை போடுகிற இந்தத் தணிகாசலம், கரியேறிய இரண்டு கைகளையும் கூப்பி வணக்கம் வைக்கிறேன்.

நான் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனது உண்டு. சத்துணவு அடுப்புக்கு விறகு போட. இந்த மேடைத் தமிழெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? கூத்து நடக்கிற இடத்தில் மைக் செட்டுக்கு ஒயர் பிடித்தவன் நான். ஒயரில் கரண்டு போயிற்று, காதில் தமிழ் தங்கிற்று.

ஐந்து நிமிடம் என்று ஃபெபி அம்மா விரலைக் காட்டுகிறார். அம்மா, ஒரு விரலுக்கு ஒரு நிமிடம். இன்னொரு கையும் இருக்கிறதே, அதையும் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள்.

இன்று ஆயுத பூஜை. அதோ, கேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கண்ணாடி ஒன்று மாலையோடு நிற்கிறது. தாம்பாளத்தில் சந்தனம் இருக்கிறது, குங்குமம் இருக்கிறது, கற்பூரம் இருக்கிறது. எல்லாம் இருந்தும் முதல் பொட்டு இன்னும் விழவில்லை. ஏன் விழவில்லை? யார் வைக்க வேண்டுமோ அவர் இன்னும் கை நீட்டவில்லை. அவர் நம் சின்னப்பொண்ணு. ஒரு வாரமாகக் கேட்கிறோம்; ஒரு வாரமாக ஒரே பதில், “பாக்கலாம்.” காலையிலும் கேட்டோம், காலையிலும் “பாக்கலாம்.” அந்தத் தாம்பாளத்துக்கு ஒரு வழி சொல்லத்தான் என்னை இங்கே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஏன் அவர்தான் வைக்க வேண்டும், ஏன் அவர் தயங்குகிறார் என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. ஆகவே போன வருஷத்துக் கதையைச் சொல்கிறேன். புருஷோத்தமன் ஐயா மட்டும் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொண்டு கேட்க வேண்டும்.

கதைக்குள் போவதற்கு முன்னால் கண்ணாடிக்குள் போவோம்.

“இன்னா அண்ணே, இது வூட்டு மேல வெக்கிற சோலார் மாரியா?” என்று ஒரு தம்பி கேட்கிறார். இல்ல தம்பி. அது வெளிச்சத்த நேரா கரண்டாக்குது. இது வெளிச்சத்த சூடாக்குது. பூதக்கண்ணாடியில பேப்பரக் கொளுத்தியிருக்கியா? கொளுத்தியிருப்ப, உன் மூஞ்சியப் பாத்தா தெரியுது.

அந்தப் பூதக்கண்ணாடியின் பெரியப்பா நம் கண்ணாடி. இருபது வரிசை; வரிசைக்கு முப்பத்திரண்டு; ஆக அறுநூற்று நாற்பது கண்ணாடி. ஒவ்வொரு வரிசையும் இரண்டாகப் பிளந்த மூங்கிலைப் போல வளைந்திருக்கும். அந்த வளைவின் நடுவே ஒரு குழாய் ஓடும். அந்தக் குழாய்க்குக் கண்ணாடியால் ஒரு சட்டை. சூரியன் கிழக்கே நின்றால் வரிசையும் கிழக்கே பார்க்கும். சூரியன் மேற்கே சாய்ந்தால் வரிசையும் மேற்கே சாயும். பரந்து விழுகிற வெயில் எல்லாம் அந்த ஒரு குழாயில் குவியும். குழாயில் ஓடுகிற எண்ணெய் கொதிக்கும். எண்ணெய் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். தண்ணீர் ஆவியாகும். ஆவி முதலில் நம் டர்பைனைச் சுற்றும், கரண்டு வரும். சுற்றிவிட்டுச் சோர்ந்து வருகிற அதே ஆவி, குழாய் வழியே ரப்பர் ஆலைக்குப் போய் ரப்பரை வேகவைக்கும். சோறு நமக்கு, கஞ்சி மாட்டுக்கு. ஒரே உலையில் இரண்டு வயிறு நிறைகிறது.

சரி, மேகம் வந்தால்? மாலை சாய்ந்தால்? ஐப்பசி மாத அடைமழையில்? ராஜா வேஷம் உடை மாற்ற உள்ளே போனால் கூத்து நின்றுவிடுமா? கட்டியக்காரன் வருவான். ஆடுவான், பாடுவான், ராஜா திரும்புகிறவரை சபையைக் கலையாமல் வைத்திருப்பான். இந்த ஆலையில் ராஜா, அந்த வானத்துச் சூரியன். கட்டியக்காரன், கட்டை தின்கிற என் பாய்லர். இரண்டும் சேர்ந்ததால்தான் இதற்குக் கலப்பு ஆலை என்று பெயர்.

“முழுக்கக் கண்ணாடியே போட்டிருக்கலாமே?” என்று நானும் ஃபெபி அம்மாவைக் கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கண்ணாடி என்பது கிணறு வெட்டுவது போல. வெட்டுகிற அன்று கழுத்து நெரியும், அப்புறம் தண்ணீர் சும்மா. கட்டை என்பது லாரித் தண்ணீர் வாங்குவது போல. முதல் நாள் சுலபம், ஆனால் தினம் தினம் கை நீட்டணும். மேகம் போட்ட நாளுக்கும் போதுமான கண்ணாடி வேண்டுமென்றால் மூன்று மடங்கு போட வேண்டும். வெயில் அடிக்கிற நாளில் அதில் இரண்டு பங்கு சும்மா கிடக்கும். கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்துக்காக யாராவது வீட்டையே மண்டபமாகக் கட்டுவார்களா? பாதிக்கு மேல் கிணறு, மிச்சத்துக்கு லாரி. அதுதான் கட்டுபடியாகிற கணக்கு.

இதைச் சொல்லும்போது நினைவுக்கு வருகிறது, பென்னலூரில் என் மச்சான் ஒருவன் கிணறு வெட்ட ஆரம்பித்து... அதோ, என் வீட்டுக்காரி கனகம் கையைக் காட்டுது. சரி, மச்சான் வேண்டாம்.

போன வருஷம் இதே நாள். ஆலை கட்டி முடிந்துவிட்டது. ஆனால் ஆவி வாங்க ரப்பர் ஆலை இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சோதனை வைத்துப் பார்த்துத்தான் போடுவோம் என்றார்கள். நாள் குறித்தார்கள், விஜயதசமி. எதையும் தொடங்க நல்ல நாள். நிபந்தனை இரண்டு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஆவியின் அழுத்தம் எட்டுக்குக் கீழே ஒரு தரம்கூட இறங்கக் கூடாது. அன்று போகிற ஆவியில் பாதியாவது வெயிலில் வந்ததாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் கண்ணாடியெல்லாம் காயலான் கடைக்கு. கழுவுகிற பதினாறு பெண்களும், என்னைப் போல இன்னும் இருபது பேரும் வீட்டுக்கு. யாருடைய நிலத்தில் நாற்று நட்டார்களோ, அங்கே இன்று கம்பெனி. அந்தக் கம்பெனிகள் நாற்பது வயதுக்கு மேல் பெண்களை எடுப்பதில்லை. எங்கள் பதினாறு பேரில் பதின்மூன்று பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். தாயே, உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் அந்த மூன்றில் ஒருவர்.

சோதனைக்கு முதல் நாள் ஆயுத பூஜை. ரப்பர் ஆலை லீவு, நாமும் லீவு. மூன்று வாரம் தூக்கமில்லாமல் உழைத்த ஃபெபி அம்மா, எல்லாக் கண்ணாடியையும் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் உள்ள தன் அறைக்குத் தூங்கப் போனார். போகும்போது என்னிடம், நெருப்பை முழுக்க அணைத்துவிடு என்றார். நான் தலையாட்டினேன். தலை என்னுடையது, ஆட்டுவதில் என்ன செலவு?

அன்று மத்தியானம் பதினாறு பெண்களும் வந்தார்கள். ஒரகடத்தில் ஓடுகிற பஸ்ஸுக்குப் பொட்டு, லேத்துக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு. கஞ்சி ஊற்றுகிற கண்ணாடிக்கு மட்டும் வேண்டாமா? என் வீட்டுக்காரி கனகம்தான் அவர்களுக்குத் தலைவி. ஒரு தவலை சந்தனம் கரைத்தார்கள். கவிழ்ந்து கிடந்த கண்ணாடிக்குக் கீழே புகுந்து, ஒவ்வொன்றுக்கும் கை அகலத்துக்குச் சந்தனப் பட்டை. நடுவே வடை அளவு குங்குமம். அறுநூற்று நாற்பது. கண்ணாடியோடு நிறுத்தினார்களா? நடுவே ஓடுகிற அந்தக் குழாய்தான் கருவறை என்று, குழாய்க்கும் முழத்துக்கு முழம் பொட்டு.

அந்தப் பதினாறு பேரில் ஒருவர் சின்னப்பொண்ணு. மூன்று வருஷம் முன்பு மஞ்சள் காமாலையில் கணவரைப் பறிகொடுத்தவர். அவரும் குங்குமத்தில் விரலை வைக்கப் போனார். கனகம் தடுத்தது. கத்தவில்லை, கடிந்துகொள்ளவில்லை. “நீ தண்ணி மட்டும் எடுத்துக் குடு சின்னப்பொண்ணு,” என்று மெதுவாகச் சொன்னது. மெதுவாகச் சொன்னால் சொல் மெதுவாகிவிடுமா? சின்னப்பொண்ணு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். நான் அங்கேதான் இருந்தேன். இத்தனை வாய் உள்ள நான், பேச வேண்டிய அன்று பேசவில்லை. அதை இந்த மைக்கில் சொல்லாமல் வேறு எந்த மைக்கில் சொல்வேன்?

மறுநாள் காலை ஏழே முக்கால். ஃபெபி அம்மா வந்தார், பட்டனைத் தட்டினார், இருபது வரிசையும் மெல்ல நிமிர்ந்தன. பெருமக்களே, அந்தக் காட்சியை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அறுநூற்று நாற்பது முகம், சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துக் கிழக்கே பார்த்து எழுந்தன. எனக்குக் கை தானாகக் கூம்பிற்று. ஃபெபி அம்மாவின் கை தானாகப் பட்டனைத் தேடிற்று.

“யக்கா, குழாய்க்கும் பொட்டு வச்சிருக்கீங்களா? அது வெடிச்சிரும்லா,” என்றார்.

“பொட்டு வச்சா வெடிக்குமா? வெக்கலன்னாதான் வெடிக்கும்,” என்றது கனகம்.

ஃபெபி அம்மா அதற்குள் பட்டனைத் தட்டி வரிசைகளை வெயிலுக்கு முதுகைக் காட்டித் திருப்பிவிட்டார். விஷயம் இதுதான். குழாயின் கண்ணாடிச் சட்டை சுத்தமாக இருந்தால் வெயில் அதைத் தாண்டி உள்ளே போய்விடும். பொட்டு இருந்தால் அங்கேயே நின்று, அந்த ஓர் இடம் மட்டும் தகதகவென்று காயும். எரிகிற அரிக்கேன் சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? கோடு விட்டு விரியும். அப்படி. கண்ணாடியில் உள்ள பட்டையோ வெயிலையே தின்றுவிடும். ஒன்பது மணிக்குச் சோதனை. அதற்குள் புருஷோத்தமன் ஐயாவின் வண்டி கேட்டில் வந்து நிற்கும்.

“எல்லாத்தையும் தொடைச்சிருங்க,” என்றார் ஃபெபி அம்மா.

ஒருவரும் அசையவில்லை.

ஏன் அசையவில்லை? தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும். உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? விஜயதசமிக் காலை. தன் கையால் வைத்த குங்குமத்தைத் தன் கையாலேயே அழிப்பதா? ஒன்றா இரண்டா, அறுநூற்று நாற்பதா? கட்டியவன் உயிரோடு இருக்கிற எவள் அதைச் செய்வாள்? துணி கையில் இருந்தது. தண்ணீர் வாளியில் இருந்தது. உப்பு எடுத்த தண்ணீர் தொட்டி நிறைய இருந்தது. கை மட்டும் வரவில்லை. ஒவ்வொருத்தியும் கீழே பார்த்தாள், அடுத்தவளைப் பார்த்தாள். கடைசியில் பதினைந்து பேரின் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது. குழாயடியில், வாளியோடு, சின்னப்பொண்ணு.

யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கத் தேவை இருந்ததா? கண்ணுக்கு வாய் இல்லையா?

சின்னப்பொண்ணு அத்தனை கண்ணையும் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: “நேத்து வெக்கிறதுக்கு நான் ஆவல. இன்னிக்கு அழிக்கிறதுக்கு மட்டும் ஆவறனா?”

பெருமக்களே, எத்தனையோ மேடை பார்த்திருக்கிறேன், எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சின்னப் பேச்சு, இதைவிடப் பெரிய பேச்சு நான் கேட்டதில்லை. மணி எட்டேகால்.

கனகம் நடந்து போயிற்று. நேராகச் சின்னப்பொண்ணு எதிரே போய் நின்று, கீழே இருந்த வாளியைத் தானே எடுத்தது. “தப்பு என்னுது. நீ ஒண்ணையும் அழிக்க வாணாம்,” என்றது. பிறகு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, “அம்மனுக்கு அபிசேகம் பண்ணச்சொல்ல குங்குமம் கரைஞ்சி ஓடுது. அத அழிக்கிறதுன்னா சொல்றோம்? குளிப்பாட்றதுன்னுதானே சொல்றோம்?” என்று, முதல் வரிசையின் முதல் கண்ணாடியில் தண்ணீரை ஊற்றியது.

சிவப்பாக ஓடிற்று தண்ணீர். கனகம் ஒரு கையால் தாலியைப் பற்றிக்கொண்டது. அது எனக்காக, வேறு யாருக்காக? இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: அன்று என் மனைவி மட்டும் நாற்பதுக்கு மேல் குங்குமம் கரைத்தாள். வருஷம் ஒன்று ஆயிற்று. நான் உங்கள் முன்னால் நிற்கிறேன். சர்க்கரைதான் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதுவும் குங்குமத்தால் அல்ல, ஒரகடம் கூட்டுரோட்டில் குடிக்கிற டீயால்.

இன்னும் மற்றவர்கள் தயங்கி நிற்கையில் சின்னப்பொண்ணு வந்தார். கனகம் ஊற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அபிசேகம்னா தலையிலேர்ந்து ஊத்தணும். நீ இடுப்புலேர்ந்து ஊத்தினா சாமி இன்னா குளிக்கும்?” என்று வாளியைப் பிடுங்கினார். ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில்தான் பதினாறு பேரும் களத்தில் இறங்கினார்கள். குழாய்க்கு மிருதுவான கை வேண்டும், அழுத்தினால் போச்சு. அந்த வேலையைச் சின்னப்பொண்ணு எடுத்துக்கொண்டார். முழத்துக்கு முழம், பஞ்சுத் துணியால், பிள்ளைக்குக் கண் துடைப்பதைப் போல.

அவர்கள் அங்கே குளிப்பாட்டட்டும்; நாம் பாய்லருக்கு வருவோம்.

ஒன்பது மணிக்கு ஆவி வேண்டும். வெயில் இருக்கிறது, அதை வாங்கக் கண்ணாடி இல்லை. ராஜா வேஷம் கலைந்து கிடக்கிறார். கட்டியக்காரன் மட்டும் மேடையில். அணைத்துவிடு என்று சொன்ன பாய்லர், அணைத்திருந்தால் மூன்று மணி நேரம் ஆகும் சூடேற. ஃபெபி அம்மா என்னிடம் ஓடி வந்தார். நான் தலை குனிந்து நின்றேன். பயத்தில் அல்ல, திருட்டு முழியில்.

பூஜை நாளில் விளக்கை அணைப்பார்களா, பெருமக்களே? என் வீட்டில் ஆழாக்கு எண்ணெய் விளக்கையே நான் அணைத்ததில்லை. இத்தனை பெரிய தீபத்தை அணைக்க எனக்குக் கை வருமா? அணைக்கவில்லை. வேலிகாத்தான் வேர்க்கட்டை நாலைப் போட்டு, மேலே கடலைத் தோலைத் தூவி, கூட்டாளி மைக்கேல்ராஜும் நானும் மாற்றி மாற்றிப் பக்கத்திலேயே இருந்து, கனலாக வைத்திருந்தோம். “மைக்கேலு, உங்க சாமிக்கும் இது ஒப்புமா?” என்று கேட்டதற்கு, “எங்க கோயில்லயும் விளக்க அணைக்கமாட்டாங்கபா,” என்றான். கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே செக்கச் செவேலென்று தணல்.

ஃபெபி அம்மா என்னைப் பார்த்தார். தணலைப் பார்த்தார். “ஒங்களுக்கு மெமோ உண்டு அண்ணே. இப்ப கட்டையப் போடுங்க,” என்றார்.

போட்டோம். சவுக்கு போட்டோம், வேலிகாத்தான் போட்டோம், கடலைத் தோலைக் கொட்டினோம். மணி ஒன்பது அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில், அழுத்தம் காட்டுகிற முள் ஒன்பதைத் தொட்டது. புருஷோத்தமன் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

ஒரு வரிசை கழுவி முடிந்தால் ஒரு வரிசை வெயிலுக்குத் திரும்பும். ஒன்பதரைக்கு மூன்று, பத்துக்கு எட்டு, பதினொன்றுக்கு இருபது. கண்ணாடி ஏற ஏற நான் கட்டையைக் குறைத்தேன். நண்பகலில் பாய்லரை வெறும் கனலில் விட்டுவிட்டு நானும் மைக்கேலும் மோர் குடித்தோம். ஆலை முழுக்க வெயிலில் ஓடிற்று. ரப்பருக்குத் தெரியுமா, ஆவி வானத்திலிருந்து வந்ததா வேலிகாத்தானிலிருந்து வந்ததா என்று? ஆவிக்கு ஏது குலம், ஆவிக்கு ஏது கோத்திரம்?

இரண்டு மணிக்கு ஒரு மேகம். ஒரே ஒரு மேகம். வந்து சரியாக நம் தலைக்கு மேல் குந்திக்கொண்டது. முள் ஒன்பதிலிருந்து இறங்கிற்று. எட்டே முக்கால். எட்டரை. எட்டேகால். கனகம் பாய்லர் வாசலில் வந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தது, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவளைப் போல. கட்டை விழுந்தது, காற்றைத் திறந்தோம், தணல் எழுந்தது. எட்டுக்கு ஒரு மயிரிழை மேலே முள் நின்றது. நின்று, யோசித்து, திரும்பி ஏறிற்று.

மாலை ஐந்து. புருஷோத்தமன் ஐயா கணக்குப் பார்த்தார். நூற்றில் ஐம்பத்து மூன்று வெயில், நாற்பத்தேழு கட்டை. பாஸ் என்றார். என்றவர், சும்மா இராமல், “காலையில ரெண்டு மணி நேரம் ஏன் கண்ணாடிய முழுசா ஓட்டல?” என்று கேட்டார். ஃபெபி அம்மா பொய் சொல்லாதவர். “அபிஷேகம் சார்,” என்றார். ஐயா என்ன சொன்னார் தெரியுமா? “நல்ல வழக்கம்மா. நல்ல காரியத்துக்கு முன்னாடி கழுவுறது நல்லதுதான். விடாம செய்யுங்க.”

ஐயா சிரிக்கிறார். ஐயா, இன்றைக்குத்தான் முழு விவரம் தெரிகிறது, இல்லையா? கையெழுத்துப் போட்டாயிற்று, பதினைந்து வருஷத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது.

மெமோவும் வந்தது. கனகம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. வருகிறவர்களெல்லாம் அதைப் பாராட்டுப் பத்திரம் என்று நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

அதற்கப்புறம் சட்டம் ஒன்று போட்டார் ஃபெபி அம்மா. பூஜை உண்டு, பொட்டு உண்டு. ஆனால் ஒரே ஒரு கண்ணாடிக்கு. மூலை விரிந்து வேலைக்கு ஆகாமல் போன கண்ணாடி ஒன்றைக் கேட்டில் நிறுத்தி, இதுதான் அறுநூற்று நாற்பதுக்கும் பிரதிநிதி என்றார். இன்று ரப்பர் ஆலைக்கு ஒரு ஷிப்ட் ஓடுகிறது. ஆகவே கண்ணாடியெல்லாம் அதோ வெயிலைத் தின்றுகொண்டிருக்கிறது. பிரதிநிதி மட்டும் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. ஊராட்சி மன்றம் போல.

தலைவர் அம்மா முறைக்கிறார். அம்மா, பொதுவாகச் சொன்னேன்.

இப்போது தாம்பாளத்துக்கு வருகிறேன். அந்தப் பிரதிநிதிக்கு முதல் பொட்டு யார் வைப்பது? தலைவி என்ற முறையில் கனகம் வைக்கலாம். கனகம்தான் மாட்டேன் என்றது. “சின்னப்பொண்ணு வெச்சாதான் நான் வெப்பேன்,” என்று ஒரே பிடிவாதம். பதினைந்து பேரும் அதே பேச்சு. சின்னப்பொண்ணு “பாக்கலாம்” என்கிறார். அந்தப் “பாக்கலாம்” எனக்குப் புரிகிறது. வேண்டாம் என்று தள்ளிய கை, ஒரு வருஷம் கழித்து வா என்றால் உடனே ஓடி வர வேண்டுமா? தேவைக்குக் கூப்பிட்டார்களா, மதித்துக் கூப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டாமா?

ஆகவே, சின்னப்பொண்ணு, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன். சூரியன் யார் குழாய் என்று பார்த்துச் சுடுகிறானா? நெருப்பு யார் போட்ட கட்டை என்று பார்த்து எரிகிறதா? ஆவி யார் துடைத்த கண்ணாடி என்று கேட்டு எழுகிறதா? அவை கேட்காத கேள்வியை நாம் கேட்டோம். கேட்டது தப்பு. அந்தத் தப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதில் பாதிதான் போயிற்று. மிச்சப் பாதி உன் விரலில் இருக்கிறது. எந்தக் குழாயை நீ பிள்ளையைப் போலத் துடைத்தாயோ, அந்தக் குழாயின் பெயரால், எந்த வாளியை நீ கீழே வைத்தாயோ, அந்த வாளியின் பெயரால், உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், தாம்பாளத்தை எடு தாயே.

என்ன? யார் அங்கே கை தட்டுவது? நான் இன்னும் முடிக்கவில்லையே.

இன்னாம்மா? சத்தமா சொல்லு, காதுல வுழல. வெச்சிட்டியா? எப்ப?

பெருமக்களே, சின்னப்பொண்ணு சொல்வதைக் கேட்டீர்களா? “நீ பென்னலூர் கெணறு வெட்டச்சொல்லவே வெச்சிட்டேன். நீ பேசிக்கினே கீற,” என்கிறார். கனகம், உனக்குத் தெரியுமா? தெரியுமா! கை காட்டினது அதுக்கா? நான் மச்சானை நிறுத்தச் சொல்றன்னு நெனச்சேன். அடிப்பாவி, இத்தினி நேரம் என்னைக் கத்தவுட்டுட்டு.

திரும்பிப் பாருங்கள் எல்லாரும். கேட்டைப் பாருங்கள். அந்த விரிந்த கண்ணாடியின் நடுவே, வடை அளவு இல்லை, விரல் நுனி அளவு. போதும். அதற்குப் பக்கத்திலேயே கனகம் வைத்த பொட்டு, அப்புறம் இன்னும் பதினாலு. பதினாறு பொட்டு, ஒன்றுக்கு ஒன்று தோள் உரசிக்கொண்டு.

இனி எனக்கு இங்கே என்ன வேலை? வந்தவர்களுக்கும், வராமல் ஓ.டி. பார்ப்பவர்களுக்கும், மைக் செட் தந்த தம்பிக்கும், பொறுத்துக்கொண்ட ஃபெபி அம்மாவுக்கும், ஏமாந்துபோன புருஷோத்தமன் ஐயாவுக்கும்...

இன்னா சின்னப்பொண்ணு, திரும்பவும் கத்துற? மேகமா? எங்க? ஆமா, மேற்கால கறுத்துக்கினு வருது. முள்ளு இன்னா காட்டுது மைக்கேலு? எட்டரையா? வரேன் வரேன், நீ சவுக்க எடுத்து வாசல்ல போடு. பெரியோர்களே, தாய்மார்களே, ராஜா உள்ளே போகிறார், கட்டியக்காரனைக் கூப்பிடுகிறார்கள். வணக்கத்தில் பாதியை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். மிச்சப் பாதியை வெயில் வந்ததும் வந்து...